கணக்குப் போடவும் கப்பல் வர வேண்டுமா?

போர்ட் பிளேரின் ஜங்லிகாட் மீன்பிடித் துறையில் படகு கட்டுகிறவர் தண்ணீர் மட்டத்தைக் கணக்கில் வைத்தே கயிற்றின் நீளத்தை விடுவார். இறுக்கிக் கட்டினால் தண்ணீர் வற்றும்போது படகு தொங்கும். தளர்த்திக் கட்டினால் ஏறும்போது பக்கத்துப் படகில் மோதும். இந்தக் கடலில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாகும். அஷ்டமி வாக்கில் சிறுத்துவிடும். மீனவருக்கு அனுபவமே போதும். கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் மணி, நிமிடம், சென்டிமீட்டர் என்று கணக்கு வேண்டும். அதற்காகத்தான் ஓத அட்டவணை.

அந்த அட்டவணை பிறந்த கதை நம் அந்தமான் நிக்கோபார் தீவுகளைப் பற்றி நிறையச் சொல்கிறது. போர்ட் பிளேரில் 1881-இலேயே ஓதமானி வேலை செய்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே நிகழ்ந்த நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலையை அது பதிவு செய்திருக்கிறது. நூற்றிருபது ஆண்டுகள் கழித்துக்கூட நிலவியலாளர்கள் அந்தப் பதிவை எடுத்து ஆராய்ந்தார்கள். அளப்பது இங்கே நடந்தது. கணிப்பதோ லண்டனில். கெல்வின் பிரபு வகுத்த முறைப்படி, கடலின் ஏற்றவற்றத்தை நிலவும் சூரியனும் எழுப்பும் பல சிற்றலைகளின் கூட்டலாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு சிற்றலைக்கும் ஒரு சக்கரம் வீதம், சுமார் இருபது சக்கரங்கள் கொண்ட பித்தளை இயந்திரம் ஒன்றை 1879-இல் இந்தியா ஆபீஸுக்காக எட்வர்டு ராபர்ட்ஸ் வடிவமைத்தார். கைப்பிடியைச் சுற்றினால் வரப்போகும் நாள்களின் ஓதம் கோடாக விழும். இந்தியத் துறைமுகங்களின் கடல் எப்போது ஏறும் என்பதை லண்டனில் சக்கரம் சுற்றிக் கண்டுபிடித்து, அச்சிட்டு, கப்பலில் ஏற்றி இங்கே அனுப்பிய காலம் அது.

இன்று பத்து வயதான ஒரு மடிக்கணினி அதே கணக்கைக் கண் இமைக்கும் நேரத்தில் போட்டுவிடும். அதற்கு வேண்டிய மென்பொருள் இலவசம். அது ஓடும் லினக்ஸ் இயங்குதளமும் இலவசம். ஆனாலும் தீவுகளின் பள்ளி, கல்லூரிகளில் கணிதம் பெரும்பாலும் கரும்பலகையிலேயே தொடங்கி அங்கேயே முடிகிறது. கணினி ஆய்வகம் என்பது தட்டச்சுக்கும் விரிதாளுக்கும் என்றாகிவிட்டது. கணினி இயற்கணிதம் என்ற துறை இருப்பதையே அறியாமல் கணிதப் பட்டம் பெற்று வெளியே வர முடிகிறது. இது மாற வேண்டும். மாற்றுவதற்கு இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

ஏன் இப்போது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஓட வேண்டுமானால் குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணினிகள் பலவற்றுக்கு அந்தத் தகுதி இல்லை. நாடு முழுவதும் ஆய்வக நிர்வாகிகள் முன் இப்போது நிற்கும் கேள்வி ஒன்றுதான்: பழைய கணினிகளைக் கழித்துக்கட்டுவதா, தொடர்ந்து பயன்படுத்துவதா? தீவுகளில் இந்தக் கேள்விக்கு எடை கூடுதல். இங்கே ஒரு கணினியை இறக்குவதற்கும் கப்பல் கூலி. கழிவானபின் அதை அப்புறப்படுத்துவதற்கும் கப்பல் கூலி.

அந்தக் கணினிகளில் எலும்பும் நரம்பும் நன்றாகவே இருக்கின்றன. டெபியனோ, உபுண்டுவின் எடை குறைந்த வகைகளில் ஒன்றோ, சென்னை சி-டாக்கில் உருவாகி 2007-இல் வெளிவந்த பாஸ் லினக்ஸோ நிறுவினால் அவை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். கணித மென்பொருள்களைப் பொறுத்தவரை லினக்ஸ் வேறுவழியின்றி ஒதுங்கும் இடமும் கிடையாது. அவற்றில் பல பிறந்து வளர்ந்த வீடே அதுதான். சேஜ்மேத் என்னும் பெரும் கணிதத் தொகுப்பை இன்று விண்டோஸில் ஓட்ட விரும்புகிறவர், விண்டோஸுக்குள்ளேயே ஒரு லினக்ஸை நிறுவிக்கொண்டு அதற்குள்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. மேத்தமேட்டிகா, மேப்பிள், மேட்லேப் போன்ற விலையுள்ள மென்பொருள்களும் லினக்ஸில் ஓடுகின்றன. ஆக, லினக்ஸுக்கு மாறுகிறவர் எந்தக் கதவையும் அடைத்துக்கொள்வதில்லை.

கணினி இயற்கணிதம் என்றால் என்ன?

கணினி கணக்குப் போடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் பைத்தான் போன்ற நிரல்மொழிகள் 0.30000000000000004 என்று விடை தரும். இருமக் குறியீட்டில் பத்தில் ஒன்றைத் துல்லியமாக எழுத முடியாததால் வரும் பிசிறு இது. கணினி இயற்கணிதம் வேறு வழியில் செல்கிறது. பத்தில் ஒன்றைப் பத்தில் ஒன்றாகவே வைத்துக்கொள்கிறது. இரண்டின் வர்க்கமூலத்தைத் தசமமாக உடைக்காமல் வர்க்கமூலமாகவே கடைசிவரை கொண்டு செல்கிறது. கோவையில் எக்ஸ் இருந்தால் விடையிலும் எக்ஸ் இருக்கும். வகையிடுவது, தொகையிடுவது, காரணிப்படுத்துவது என்று நாம் தாளில் செய்யும் எல்லாவற்றையும் குறியீடுகளாகவே செய்கிறது.

இதன் வலிமையை உணர ராமானுஜனிடமிருந்தே ஓர் எடுத்துக்காட்டை எடுக்கலாம். 4 என்ற எண்ணை முழு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதம். 200-ஐ எத்தனை விதமாக எழுதலாம்? ஹார்டியும் ராமானுஜனும் 1918-இல் வெளியிட்ட சூத்திரத்தைச் சரிபார்க்க, மேஜர் மக்மஹோன் என்ற கணிதவியலாளர் 200 வரையிலான எண்களுக்குக் கையாலேயே அட்டவணை போட்டார். விடை 39,72,99,90,29,388. சுமார் நான்கு லட்சம் கோடி. இன்று பாரி/ஜிபி என்ற இலவச மென்பொருளில் ஒரே ஒரு வரி எழுதினால், விசையிலிருந்து விரலை எடுக்கும் முன் இந்த எண் திரையில் நிற்கும். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி 1 முதல் 100 வரை விடைகளை வரிசையாக அச்சிட்டு, 4, 9, 14, 19 என்று போகும் எண்களுக்கெல்லாம் விடை ஐந்தால் வகுபடுவதைத் தானே கண்டுபிடிக்கலாம். அதை நிரூபித்த ராமானுஜன், இங்கிலாந்து செல்லும்முன் 1912 முதல் 1913 வரை சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தார். அந்தமானுக்குக் கப்பல் புறப்படும் அதே துறைமுகம்.

ஓதமும் பதினோராம் வகுப்பும்

தீவுகளின் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. பதினோராம் வகுப்பில் முக்கோணவியல் வருகிறது. இரண்டு கொசைன்களின் கூட்டலைப் பெருக்கலாக மாற்றும் சூத்திரத்தை எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் தேர்வுக்கு.

ஜங்லிகாட்டில் அந்தச் சூத்திரம் தினமும் கண்முன் நடக்கிறது. நிலவு எழுப்பும் முதன்மையான ஓத அலை மணிக்கு 28.984 பாகை வேகத்தில் சுழல்கிறது. சூரியன் எழுப்புவது மணிக்குச் சரியாக 30 பாகை. இரண்டும் ஒருநாள் சேர்ந்து ஏறும். நாள் செல்லச் செல்ல விலகி, ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். பிறகு மறுபடி சேரும். வேக வித்தியாசம் மணிக்கு 1.016 பாகை. 360-ஐ அதால் வகுத்தால் சுமார் 354 மணி நேரம், அதாவது 14.77 நாள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடைப்பட்ட காலம்!

மேக்ஸிமா என்ற இலவச மென்பொருளில் இந்த இரண்டு அலைகளையும் கூட்டி வரைபடமாக்க நான்கைந்து வரிகள் போதும். ஒரு மாதத்துக்கு வரைந்தால் ஓதம் இரண்டு முறை பெருத்து இரண்டு முறை சிறுப்பது தெரியும். நாளுக்கு ஒருமுறை வரும் இரண்டு அலைகளையும் சேர்த்தால், ஒரே நாளின் இரண்டு ஏற்றங்களும் ஏன் சம உயரமாக இருப்பதில்லை என்பதும் விளங்கிவிடும். அடுத்து கல்லூரி நிலையில், ஓதமானியின் மணிவாரி அளவுகளை ஆக்டேவ் என்ற இலவச மென்பொருளில் ஏற்றி, மீச்சிறு வர்க்க முறையில் ஒவ்வொரு சிற்றலையின் உயரத்தையும் கண்டுபிடிக்கலாம். லண்டன் இயந்திரத்துக்கு வேண்டிய எண்களைத் தேடித் தந்த பகுப்பாய்வு, ஒரு செமஸ்டர் செய்முறைப் பயிற்சியாகச் சுருங்கிவிடும்.

இது வெறும் பயிற்சியோடு நின்றுவிடுவதும் இல்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர்ப் பகுதி ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் வயலாக இருந்த இடங்களில் கடல் வந்து தங்கிவிட்டது. நிலம் தாழ்ந்தால் பழைய அளவுகோலின் பூஜ்யமும் இடம் மாறுகிறது. எந்தச் சாலை எந்தப் பௌர்ணமியில் நனையும், எந்த மேடைக்கு எவ்வளவு உயரம் கூட்ட வேண்டும் என்ற கேள்விகள் எல்லாம் இந்தக் கணக்கோடு பிணைந்தவை. அதிகாரபூர்வமான ஓத அட்டவணையை டேராடூனிலிருந்து இந்திய நில அளவைத் துறை வெளியிடுகிறது. கப்பலோட்ட அதுவே ஆதாரம். எனினும் அந்த எண்கள் எப்படி வருகின்றன என்று தெரிந்தவர்கள் இந்தத் தீவிலேயே நூறு பேர் இருப்பது வேறு வகையான பலம். மீன்வளம் மிகுந்த கடல் பகுதிகளைச் செயற்கைக்கோள் தரும் நீர்ப்பரப்பு வெப்பம், பச்சையம் ஆகியவற்றைக் கொண்டு கணித்துச் சொல்கிறது ஹைதராபாதில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம். அந்த அறிவிப்பைப் பெறுகிறவர்களின் பிள்ளைகள் அதைத் தயாரிக்கும் இடத்துக்கும் போக வேண்டாமா?

உரிமத்தின் விலை

விலையுள்ள மென்பொருள்கள் மட்டமானவை என்று யாரும் சொல்ல முடியாது. 1988-இல் வந்த மேத்தமேட்டிகா சில வகைத் தொகையீடுகளில் இன்றும் முன்னணியில் நிற்கிறது. மேட்லேப்போடு இணைந்து இயங்கும் சிமுலிங்குக்கு இணையான இலவச மாற்று முழுமையாக இல்லை. சைலேப் என்ற இலவச மென்பொருளின் எக்ஸ்காஸ் ஓரளவுக்கே ஈடுகொடுக்கும். கட்டுப்பாட்டுப் பொறியியல் படிக்கிறவருக்கு இது உண்மையான இழப்பு.

ஆனால் உரிமம் என்பது கட்டணத்தோடு முடிவதில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கோப்பு நகர வேண்டும். சில உரிமங்கள் குறிப்பிட்ட கணினியோடு கட்டப்பட்டவை. சில இணையத்தில் அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளும். மாணவர் கல்லூரி வாசலைத் தாண்டியதும் அவர் கற்ற கருவி கையைவிட்டுப் போகும். பிறகு நடப்பது ஊரறிந்த ரகசியம்: பூட்டு உடைத்த காப்பி பென்டிரைவில் கைமாறும், கூடவே வைரஸும். ஓர் அறிவியல் பாடத்தைத் திருட்டுப் பிரதியோடு தொடங்கிவைப்பது ஆசிரியருக்கும் அழகில்லை, மாணவருக்கும் அழகில்லை.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. கணிதத்தில் விடை மட்டும் போதாது. வழியும் தெரிய வேண்டும். ஜெர்மனியின் ஆகன் நகரில் 1986-இல் காப் என்ற குலக் கோட்பாட்டு மென்பொருளைத் தொடங்கிய யோவாகிம் நாய்ப்யூசர் இதை அழுத்தமாக முன்வைத்தார். சைலோவின் தேற்றத்தை நூலகத்தில் படித்து, காலம் முழுவதும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். மென்பொருளுக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு முறையும் உரிமக் கட்டணம், அதன் உள்வேலை ஏன் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அது வெறும் கொள்கைப் பேச்சல்ல என்பதற்குச் சான்று 2014-இல் வந்தது. டுரான், பெரெஸ், வரோனா என்ற மூன்று ஸ்பானியக் கணிதவியலாளர்கள் அமெரிக்கக் கணிதக் கழக இதழில் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். மிகப் பெரிய முழு எண்கள் கொண்ட அணிகளின் அணிக்கோவையை மேத்தமேட்டிகா தவறாகக் கணித்திருக்கிறது. ஒரே அணியை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு விதமான விடைகள். மேப்பிளோடு ஒப்பிட்டுத்தான் தவறை உறுதிசெய்தார்கள். ஏன் தவறுகிறது என்று உள்ளே பார்க்க வழியில்லை. திறந்த மென்பொருள்களிலும் பிழைகள் உண்டு, ஏராளமாகவே உண்டு. ஆனால் அங்கே பிழைப்பட்டியல் எல்லோர் பார்வைக்கும் இருக்கும், சந்தேகப்படுகிறவர் மூல நிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தமும் அனுப்பலாம்.

கைவிட்டவை மறைந்தன, பகிர்ந்தவை வாழ்கின்றன

இந்தத் துறையின் வரலாறே ஒரு பாடம். துகள் இயற்பியல் கணக்குகளின் நீளம் தாங்காமல் 1963-இல் ஸ்கூன்ஸ்கிப் என்ற நிரலை எழுதியவர் மார்ட்டினஸ் வெல்ட்மன். 1999-இல் நோபல் பரிசு பெற்றவர். 1968-இல் எம்ஐடியில் மேக்சைமா என்ற கணினி இயற்கணித மென்பொருள் தொடங்கியது. 1982-இல் அது வணிகத்துக்குப் போனது. அமெரிக்க எரிசக்தித் துறையிடம் இருந்த பிரதியை மட்டும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஷெல்டர் தனியொருவராகப் பேணிவந்தார். 1998-இல் அனுமதி வாங்கி அதைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார். 2001-இல் அவர் மறைந்தார். வணிகப் பிரதியின் வளர்ச்சி 1990-களோடு நின்றது. ஷெல்டர் பொதுவில் வைத்தது இன்று மேக்ஸிமா என்ற பெயரில் லினக்ஸ் களஞ்சியங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

அதற்குள் ராமானுஜனின் நிழலும் உண்டு. மேக்சைமாவுக்குப் பங்களித்தவர்களில் ஒருவரான பில் கோஸ்பர், ராமானுஜன் 1914-இல் வெளியிட்ட தொடரைக் கொண்டு 1985-இல் பையின் மதிப்பை ஒரு கோடியே எழுபத்தைந்து லட்சம் இலக்கங்களுக்குக் கணித்தார். தொடர்களைக் கூட்டுவதற்கு அவர் வகுத்த முறை இன்றும் மேக்ஸிமாவில் வேலை செய்கிறது.

2005-இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கிய சேஜ்மேத் வேறு வழியைப் பிடித்தது. எண் கோட்பாட்டுக்கு போர்தோவில் வளர்ந்த பாரி, குலங்களுக்குக் காப், பல்லுறுப்புக்கோவைகளுக்கு கைசர்ஸ்லவுட்டர்னின் சிங்குலர், நுண்கணிதத்துக்கு மேக்ஸிமா என்று ஆளுக்கொரு வீட்டிலிருந்து கொண்டுவந்த கூட்டாஞ்சோறு அது. எல்லாவற்றையும் பைத்தான் மொழியில் பேசவைத்தார். இந்தத் தேர்வு நமக்கு வசதி. சிபிஎஸ்இ மேல்நிலைக் கணினி அறிவியலில் மாணவர்கள் கற்பது பைத்தான்தான். சிம்பை என்ற இன்னொரு இலவச நூலகமும் பைத்தானிலேயே எழுதப்பட்டது. ஆண்டுதோறும் இந்தியக் கல்லூரி மாணவர்கள் பலர் கூகுளின் கோடைக்காலத் திட்டத்தின் வழியே அதற்கு நிரல் எழுதிவருகிறார்கள். பயன்படுத்துவதோடு நிற்காமல் படைப்பவராகவும் மாறலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கேபிள் வந்த பிறகும்

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. சுமார் 2,300 கி.மீ. நீளம், 1,224 கோடி ரூபாய் செலவு. அதற்கு முன் செயற்கைக்கோள் அலைவரிசையின் சொட்டுச் சொட்டான இணையத்தில் ஒரு டிவிடி அளவுள்ள கோப்பைத் தரவிறக்குவதென்றால் இரவு முழுவதும் காத்திருக்க வேண்டும். அதுவும் இடையில் அறுந்துபோகும். கேபிள் வந்ததும் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நிலைமை அடியோடு மாறியது. லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை கேபிள் போயிருக்கிறது.

இனி எல்லாமே இணையத்தில் இருக்கிறதே, கணினியில் எதற்கு நிறுவ வேண்டும் என்று கேட்கலாம். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் தொகையீட்டை அதுவே போட்டுத் தருகிறதே என்றும் கேட்கலாம். முதல் கேள்விக்குப் பதில் புவியியலில் இருக்கிறது. கடலுக்கடியில் ஓர் இழை அறுந்தால் பழுதுபார்க்கும் கப்பல் வர வேண்டும். கேபிள் கரையேறாத தீவுகளும் பல. வகுப்பறை அதுவரை காத்திருக்க முடியாது. இரண்டாவது கேள்விக்குப் பதில் கணிதத்தில் இருக்கிறது. உரையாடல் கருவிகள் தவறான விடையையும் சரியான விடையின் தொனியிலேயே சொல்லும். கணினி இயற்கணித மென்பொருள் விதிகளின்படி நடக்கும். அதன் விடையை வகையிட்டு, திரும்பப் பொருத்தி, அங்கேயே சோதிக்கலாம். துல்லியமான கணக்கு தேவைப்படும்போது நுண்ணறிவுக் கருவிகளையே சிம்பை போன்ற நூலகங்களை அழைக்கச் செய்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

நடைமுறைக்கு வருவோம். மேக்ஸிமாவும் பாரியும் சிறியவை. சில பத்து எம்பிக்குள் அடங்கும். 2 ஜிபி நினைவகம் உள்ள கணினியிலும் தயக்கமின்றி ஓடும். ஆக்டேவ் சற்றுப் பெரியது. சேஜ்மேத் பல ஜிபி. மூல நிரலிலிருந்து தொகுத்தால் மணிக்கணக்கில் ஆகும், ஆகவே காண்டா என்ற பொதி மேலாளர் வழியாகத் தயார்நிலைப் பொதியை எடுப்பதே நல்லது. முப்பது கணினிகளும் தனித்தனியே தரவிறக்கத் தேவையில்லை. ஆய்வகத்தில் ஒரே ஒரு கணினியில் லினக்ஸ் களஞ்சியத்தின் நகலை வைத்தால் மற்றவை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த நகல் ஒரு வெளிவன்தட்டில் அடங்கும். கப்பலில் நான்கௌரிக்கும் போகும், கேம்பல் பேவுக்கும் போகும். இன்னொரு வழி, வலுவான ஒரு கணினியில் ஜூப்பிட்டர் சேவையகத்தை நிறுவுவது. மற்ற கணினிகளில் உலாவி இருந்தால் போதும். கைபேசியிலும் திறக்கும். வெளி இணையம் தேவையே இல்லை.

இலவசம் என்றால் செலவில்லை என்று பொருளல்ல

லினக்ஸுக்கு மாறிய ஆய்வகங்கள் தோற்ற கதைகளும் நாட்டில் உண்டு. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. இலட்சக்கணக்கான மாணவர்களின் கையில் லினக்ஸ் இருந்தது. கற்றுத்தர ஆளில்லாததால் பெரும்பாலோர் அதைத் திறந்தும் பார்க்கவில்லை என்பதே பொதுவான அனுபவம். வட்டில் ஏற்றிக் கொடுப்பதும் வகுப்பில் பயன்படுத்துவதும் வேறு வேறு வேலைகள்.

கேரளம் இரண்டாவது வேலையைச் செய்தது. ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, பாடநூலிலேயே ஜியோஜீப்ரா போன்ற மென்பொருள்களைச் சேர்த்து, தேர்வையும் லினக்ஸிலேயே நடத்தியது. 2019-இல் இரண்டு லட்சம் கணினிகளில் தன் லினக்ஸ் பதிப்பை ஏற்றியபோது 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அம்மாநிலத்தின் கைட் நிறுவனம் கணக்குச் சொன்னது. தொகை ஒருபுறம் இருக்கட்டும். மலையாளத்தில் கட்டளைப் பட்டிகளோடு ஒரு கிராமத்துப் பிள்ளை வட்டத்தின் தொடுகோட்டை இழுத்துப் பார்த்துப் படிக்கிறது என்பதே பெரிய சாதனை.

நமக்கும் கைகொடுக்க ஆள்கள் இருக்கிறார்கள். ஐஐடி பம்பாயில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா வழிநடத்திய ஃபோசி திட்டம், பொறியியல் பாடநூல்களின் கணக்குகளைச் சைலேபில் நிரலாக்கி நூற்றுக்கணக்கான துணைநூல்களாக இலவசமாகத் தருகிறது. அதே நிறுவனத்தின் ஸ்போக்கன் டுடோரியல் காணொளிகள் தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. கணியம் இதழ் 2012 முதல் தமிழில் லினக்ஸ், பைத்தான் பாடங்களை வெளியிடுகிறது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் சம்பளமில்லாமல் மாணவர்களுக்குச் சொல்லித்தருகின்றன. விழுப்புரத்தால் முடிந்தது ஜங்லிகாட்டால் முடியாதா? 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் வங்காளம், இந்திக்கு அடுத்து அதிகம் பேசப்படும் மொழி தமிழ். தமிழில் இருக்கும் பாடங்கள் அப்படியே பயன்படும். தெலுங்கு, வங்காளப் பாடங்களும் பக்கத்திலேயே உள்ளன.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றவை என்று ஒதுக்கப்படும் கணினிகளைக் கழிவுப் பட்டியலில் சேர்க்கும் முன் லினக்ஸ் ஏற்றிச் சோதிக்க வேண்டும் என்று நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். இதற்குத் தனி நிதி தேவையில்லை.

இரண்டாவதாக, பாடத்திட்டம். ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியும் டாக்டர் அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனமும் புதுச்சேரிப் பல்கலைக்கழக இணைப்பில் வளர்ந்தவை. எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் செய்முறைத் தாளின் தலைப்பில் ஒரு நிறுவனத்தின் பொருளைப் பெயர் சொல்லி எழுதக் கூடாது. கணித மென்பொருள் என்று எழுதினால் போதும். எதில் செய்வது என்பது ஆசிரியரும் மாணவரும் எடுக்கும் முடிவு. ஆய்விதழ்களை எல்லா அரசுக் கல்லூரிகளுக்கும் திறந்துவிட ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மத்திய அரசு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. கட்டுரையைப் படிக்க முடிகிற மாணவர் அதிலுள்ள கணக்கை ஓட்டிப் பார்க்கவும் முடிய வேண்டும்.

மூன்றாவதாக, ஆள். மென்பொருளுக்குக் கொடுக்காத பணத்தில் ஒரு பங்கை மனிதருக்குக் கொடுக்க வேண்டும். ஒய்ஃபை இயங்காத கணினி, பதிப்பு மாறியதும் ஓடாத சேஜ்மேத், அச்சிட மறுக்கும் பிரின்டர் ஆகியவற்றைச் சரிசெய்ய ஊருக்குள்ளேயே நான்கு பேர் வேண்டும். அவர்கள் கணித ஆசிரியர்களோடு உட்கார்ந்து, ஓதம் முதல் சூரியமின் உற்பத்தி வரை தீவுகளின் கணக்குகளையே பயிற்சிகளாக எழுத வேண்டும். போர்ட் பிளேரின் ஓதப் பதிவுகள் மாணவர்களுக்குத் தடையின்றிக் கிடைத்தால் அந்த வேலை பாதி முடிந்த மாதிரி.

கணினியே எல்லாம் செய்தால் பிள்ளைகள் கணக்கை மறந்துவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து, கேள்வியை மாற்றுவது. தொகையிடு என்று கேட்பதற்குப் பதிலாக, மென்பொருள் தந்த இந்த விடை சரியா, எந்த இடைவெளியில் சரி, எங்கே உடைகிறது என்று கேட்டால், கையால் போடத் தெரியாதவர் பதில் சொல்ல முடியாது. சந்தேகப்படக் கற்பதுதான் கணிதக் கல்வி. உள்ளே திறந்து பார்க்க முடிகிற கருவியில் அந்தச் சந்தேகம் கடைசிவரை போகலாம்.

அரிசி, சிமென்ட், டீசல் எல்லாவற்றுக்கும் கப்பலை எதிர்பார்ப்பது தீவு வாழ்க்கையின் கட்டாயம். கணக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒருமுறை கொண்டுவந்து இறக்கினால் எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்தாலும் குறையாத சரக்கு இது. அடுத்த ஆய்வகத்துக்கான டெண்டர் எழுதப்படும்போது மென்பொருள் என்ற வரிசையில் என்ன எழுதப்படுகிறது, பக்கத்தில் பயிற்சி என்ற வரிசை இருக்கிறதா என்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு வரிசைகளையும் மாற்றி எழுதும் அதிகாரம் தீவிலேயே இருக்கிறது.